மொத்தம் 49 இருந்தும் அரியர் ஏன்?

கல்லூரி கேள்வி – பதில்

செமஸ்டர் ரிசல்ட் வந்த கையோடு செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. அதில் பாதி, மார்க் ஷீட்டில் உள்ள சொற்களையும் எண்களையும் பற்றியவை. பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகள் பி.காம். முதலாண்டு. ஒரு பேப்பரில் இன்டர்னல் 22, எக்ஸ்டர்னல் 27, மொத்தம் 49. பாஸ் மார்க் 40தானே? ஆனால் ‘ஆர்.ஏ.’ என்று போட்டிருக்கிறது. கணினியில் ஏதும் தவறு நடந்திருக்குமா?
– வாசகர், கோட்டையூர்

கணினி சரியாகத்தான் போட்டிருக்கிறது. பாஸுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. உங்கள் மகள் ஒன்றைத்தான் தாண்டியிருக்கிறார்.

கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்லூரியே போடும் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வான எக்ஸ்டர்னல் 75. இளங்கலையில் மொத்தத்தில் 40 வேண்டும். அதோடு எக்ஸ்டர்னலில் தனியாக 40 சதவீதம் வேண்டும். 75-ல் 40 சதவீதம் 30. மகள் எடுத்தது 27. இன்டர்னலில் 25-க்கு 25 வாங்கியிருந்தாலும் இந்த மூன்று மார்க்கை அது ஈடுகட்டாது. முதுகலையில் இந்த வரம்பு வழக்கமாக 50 சதவீதம்.

‘ஆர்.ஏ.’ என்றால் அந்தப் பேப்பரை மீண்டும் எழுத வேண்டும் என்று பொருள். நாம் பேச்சில் சொல்லும் அரியர்தான். சில பல்கலைக்கழகங்கள் இதையே ‘யூ’ என்று போடும். மூன்று ‘ஏ’ இருந்தால் தேர்வுக்கே வரவில்லை என்று அர்த்தம். எழுதிய பேப்பருக்கு மூன்று ‘ஏ’ வந்திருந்தால் மட்டும் உடனே கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குப் போங்கள். பெரும்பாலும் விடைத்தாளில் பதிவெண்ணைத் தவறாக எழுதியிருப்பார்கள், அல்லது வருகைத் தாளில் கையெழுத்து விடுபட்டிருக்கும்.

ஒரு நல்ல செய்தி: அந்த 22 எங்கும் போகாது. அடுத்த முறை எக்ஸ்டர்னலை மட்டும் எழுதினால் போதும், பழைய இன்டர்னல் அப்படியே சேரும். இதே காரணத்தால்தான் இன்டர்னல் குறைவாக வந்தவர்களுக்குச் சிக்கல். பிறகு எத்தனை முறை எழுதினாலும் அந்தக் குறைந்த மார்க்தான் கூடவே வரும். செமஸ்டரின் வேலைநாட்கள் முடிவதற்குள் இன்டர்னல் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ரிசல்ட் வந்தபின் ‘என் அசைன்மெண்ட் மார்க் சேரவில்லை’ என்று வருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபின் திருத்துவது பெரும்பாடு. டெஸ்ட், அசைன்மெண்ட், செமினார் மார்க்குகளைத் தனித்தனியே கேட்டு, கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

நான் பாஸான அதே மார்க்கில் பொறியியல் படிக்கும் என் தம்பி ஃபெயில். நான் சிஜிபிஏ 6.2-ல் ஃபர்ஸ்ட் கிளாஸ்; அவனுக்கு 6.2 செகண்ட் கிளாஸாம். இரண்டு பேரும் காரைக்குடியில்தான் படிக்கிறோம்!
– வாசகி, கானாடுகாத்தான்

ஊர் ஒன்று; பல்கலைக்கழகம் வேறு. காரைக்குடியில் 1985-ல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் அதன்கீழ் வருகின்றன. அதே ஊரில் 1952 முதல் நடக்கும் அரசு பொறியியல் கல்லூரியும் அழகப்பர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது, ஆனால் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. திருமயம், பொன்னமராவதி பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம். அங்குள்ள கலைக் கல்லூரிகளுக்கு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். செட்டிநாட்டுக்குள்ளேயே பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் விதி மாறிவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (விதித்தொகுப்பில்) தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, எக்ஸ்டர்னல் 60. தேர்வை 100-க்கு எழுதவைத்து 60-ஆகச் சுருக்குவார்கள். தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், மொத்தத்தில் 50 வேண்டும். தம்பி தேர்வில் 100-க்கு 45 எடுத்தால் அது 27 ஆகும். இன்டர்னல் 20 என்றால் மொத்தம் 47, ஃபெயில். இன்டர்னல் 38 எடுத்து, தேர்வில் 40 எடுத்தால் 38-ம் 24-ம் சேர்ந்து 62, அதுவும் ஃபெயில்.

கிளாஸும் அப்படியே. பல கலை அறிவியல் பல்கலைக்கழகங்களில் சிஜிபிஏ (எல்லாச் செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 6.0 இருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ், 7.5-க்கு மேல் டிஸ்டிங்ஷன். மேலே சொன்ன 2021 ரெகுலேஷனில் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 6.5 வேண்டும்; டிஸ்டிங்ஷனுக்கு 8.5, அதுவும் எல்லாப் பேப்பரையும் முதல் முயற்சியிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். ஆகவே 6.2 என்ற எண்ணை மட்டும் வைத்து யார் நன்றாகப் படிக்கிறார் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

‘ரெகுலேஷன்’ என்பது நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய விதித்தொகுப்பு. பாஸ் மார்க், வருகைப்பதிவு, கிளாஸ் எல்லாம் அதில்தான் இருக்கும். பல்கலைக்கழக இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கல்லூரி தளத்திலேயே பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் கேள்வித்தாளையும் தானே அமைத்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். மூன்று வருட சீனியர் சொல்லும் விதி அவருக்கு உண்மை. உங்களுக்கு அது மாறியிருக்கலாம். அரியர் வைத்திருப்பவர் மட்டும் தன் பழைய ரெகுலேஷனிலேயே எழுதுவார். அந்தப் பேப்பர் புதிய பாடத்திட்டத்தில் இல்லாமல் போயிருந்தால் அதற்கு ஈடான பேப்பர் எது என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறு பேப்பரின் சராசரி 71.5. ஜிபிஏ 7.15 வரவேண்டும் அல்லவா? 6.76 என்று வந்திருக்கிறது.
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

ஜிபிஏ என்பது ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி. அதில் கிரெடிட்டை விட்டுவிட்டீர்கள். வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட், லேப் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. கிரெடிட் கூடுதலான பேப்பர் ஜிபிஏவைக் கூடுதலாக இழுக்கும்.

நீங்கள் அனுப்பிய மார்க்கையே போட்டுப் பார்க்கலாம். உங்கள் பல்கலைக்கழகத்தில் மார்க்கைப் பத்தால் வகுத்தால் கிரேடு பாயிண்ட்.

தமிழ்: 3 கிரெடிட், 78 மார்க். 3 × 7.8 = 23.4
ஆங்கிலம்: 3 கிரெடிட், 70 மார்க். 3 × 7.0 = 21.0
கோர் 1 (முதன்மைப் பாடம்): 5 கிரெடிட், 52 மார்க். 5 × 5.2 = 26.0
கோர் 2: 5 கிரெடிட், 61 மார்க். 5 × 6.1 = 30.5
அலைடு (துணைப் பாடம்): 3 கிரெடிட், 74 மார்க். 3 × 7.4 = 22.2
ஸ்கில்: 2 கிரெடிட், 94 மார்க். 2 × 9.4 = 18.8

கூட்டினால் 141.9. மொத்தக் கிரெடிட் 21. வகுத்தால் 6.76. உங்கள் 94 இரண்டு கிரெடிட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. 52-ம் 61-ம் ஆளுக்கு ஐந்து கிரெடிட்டில். கோர் 1-ல் இன்னும் பத்து மார்க் எடுத்திருந்தால் ஜிபிஏ 0.24 ஏறியிருக்கும். ஸ்கில் பேப்பரில் அதே பத்து மார்க் குறைந்திருந்தாலும் 0.10 கூட இறங்கியிருக்காது. அடுத்த செமஸ்டரில் நேரத்தை எங்கே செலவழிப்பது என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

சிஜிபிஏ என்பது இதுவரை முடித்த எல்லாப் பேப்பர்களையும் இதே முறையில் கணக்கிட்டு வருவது. செமஸ்டர் ஜிபிஏக்களைக் கூட்டி வகுப்பதல்ல. அரியர் உள்ள பேப்பர் பாஸான பிறகுதான் சேரும்.

இன்டர்வியூவில் சதவீதம் கேட்டால் நீங்களாகப் பத்தால் பெருக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் அது சரி. மற்ற இடங்களில் மார்க் ஷீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் சூத்திரம் எதுவோ அதுதான். கலைக் கல்லூரி மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தமிழ் பகுதி 1, ஆங்கிலம் பகுதி 2, கோர்-அலைடு-எலெக்டிவ் பகுதி 3 என்று பிரித்துத் தனித்தனியே கிளாஸ் தரும் பல்கலைக்கழகங்களில், வேலைக்கும் மேற்படிப்புக்கும் பெரும்பாலும் கேட்பது பகுதி 3-ன் மதிப்பெண்.

கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே3, கே5 என்று போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் பக்கம் பக்கமாகத்தான் எழுதுகிறேன். மார்க் ஏறவில்லை.
– மாணவி, பள்ளத்தூர்

கேள்வித்தாளிலேயே உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் குறிப்பு அது. பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. கே1 நினைவில் இருப்பதைச் சொல்வது, கே2 புரிந்ததை விளக்குவது, கே3 பயன்படுத்திக் காட்டுவது, கே4 பிரித்து ஆராய்வது, கே5 மதிப்பிடுவது, கே6 புதிதாக உருவாக்குவது. கேள்வியின் வினைச்சொல்லும் இதற்கேற்ப மாறும்: வரையறு, விளக்கு, கணக்கிடு, ஒப்பிடு, மதிப்பிடு, வடிவமை.

உங்கள் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். ‘ஆத்தங்குடி டைல்ஸ் – வரையறு’ என்றால் இரண்டு மார்க். சிமெண்ட், மணல், வண்ணக் கலவை கொண்டு கண்ணாடித் தட்டின் மேல் அச்சில் கையால் வார்க்கும், சூளையில் சுடாத தரைக்கல் – இரண்டே வரி. அரைப் பக்கம் எழுதினாலும் அதே இரண்டு மார்க்தான்.

‘செய்முறையை விளக்கு’ என்றால் வரிசை வேண்டும். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைப்பது, உள்ளே வடிவ அச்சைப் பொருத்தி வண்ணக் கலவையை ஊற்றுவது, அச்சை எடுப்பது, மேலே உலர்ந்த சிமெண்ட்-மணலும் அதன்மேல் ஈரக் கலவையும் இட்டு நிரப்பிச் சமன் செய்வது, தண்ணீரில் ஊறவைத்து இறுகச்செய்வது, உலர்த்திக் கண்ணாடியைப் பிரிப்பது. ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று ஒரு சொல் சேர்த்தால் மார்க் கூடும்: கண்ணாடியோடு ஒட்டி இறுகுவதால்தான் மேற்பரப்புக்குப் பளபளப்பு, சுடாததால் நீரில் ஊறியே வலுப்பெற வேண்டியிருக்கிறது.

‘ஆத்தங்குடி டைல்ஸை விட்ரிஃபைட் டைல்ஸோடு ஒப்பிடு’ என்றால் இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் பக்கம் முழுக்க இதைப் பற்றி, அடுத்த பக்கம் அதைப் பற்றி என்று எழுதிவிட்டு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒப்பீடு என்றால் ஒரே அளவுகோலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்: செய்முறை, நீர் உறிஞ்சுதல், பராமரிப்பு, விரும்பிய வடிவத்துக்கு வாய்ப்பு. அட்டவணை போட்டால் இன்னும் நல்லது.

‘ஒரு மருத்துவமனைத் தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் பொருத்தமா? மதிப்பிடு’ என்பது கே5. செய்முறையை எழுதினால் மார்க் வராது. முடிவு சொல்ல வேண்டும். ‘பொருந்தாது; அமிலம் கலந்த கிருமிநாசினி சிமெண்ட் பரப்பை அரிக்கும், இணைப்புகளில் கறை ஏறும்; வரவேற்பறைக்கு மட்டும் பயன்படுத்தலாம்’ என்று காரணத்தோடு ஒரு நிலைப்பாடு. எதிர்க்கருத்து ஒன்றைச் சொல்லி அதற்கும் பதில் சொன்னால் முழு மார்க்குக்கு அருகில் போகலாம்.

யூனிட்டைத் தள்ளிப் படிப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. பத்து இரண்டு மார்க், ‘இதுவோ அதுவோ’ வகையில் ஐந்து ஐந்து மார்க், ஐந்தில் மூன்று பத்து மார்க் என்று ஐந்து யூனிட்டிலிருந்தும் சமமாக 75-க்கு வரும் தாளில், மூன்று யூனிட் மட்டும் படித்தவர் தொடக்கூடியது 12 + 15 + 30 = 57. அதுவும் ஒரு பிழை இல்லாமல் எழுதினால். பாஸுக்கு அது தாராளம். டிஸ்டிங்ஷன் கனவுக்கு மட்டும் இடம் மிகக் குறைவு.

அக்கா கல்யாணம், பிறகு ஊர்த் திருவிழா. 90 வேலைநாளில் 64 நாள்தான் போயிருக்கிறேன். தேர்வு எழுத விடுவார்களா?
– மாணவர், காரைக்குடி

64 நாள் என்றால் 71 சதவீதம். தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும், அதற்கு 68 நாள். நான்கு நாள் குறைகிறது. தமிழகக் கலை அறிவியல் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 65 முதல் 74 சதவீதம் வரை ‘கண்டோனேஷன்’, அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் சலுகை உண்டு. விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, முதல்வர் பரிந்துரைத்தால் எழுதலாம். 50 முதல் 64 என்றால் இந்தச் செமஸ்டர் தேர்வு கிடையாது, அடுத்த முறைதான். 50-க்குக் கீழே போனால் அந்தச் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

நீங்கள் பொறியியல் மாணவர் என்றால் நிலைமை வேறு. அங்கே 65 முதல் 75-க்குள் இருப்பவருக்கான தளர்வு உடல்நலக்குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்கானது. கல்யாண வீடு அதில் சேராது. மருத்துவச் சான்றிதழையும் விடுப்பு முடிந்து வந்த உடனே கொடுத்துவிட வேண்டும். செமஸ்டர் கடைசியில் பழைய தேதி போட்டுக் கொண்டுவரும் சான்றிதழைப் பார்த்துச் சலித்தவர்கள்தான் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்கள்.

ரீடோட்டலிங், ரீவேல்யூவேஷன் – எதற்கு விண்ணப்பிப்பது?
– வாசகி, புதுவயல்

ரீடோட்டலிங்கில் கூட்டலை மட்டும் சரிபார்ப்பார்கள், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரீவேல்யூவேஷனில் வேறொரு ஆசிரியர் மீண்டும் திருத்துவார். லேப்புக்கும் புராஜெக்டுக்கும் பெரும்பாலும் கிடையாது. முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். பாஸுக்கு இரண்டு மூன்று மார்க்தான் குறைகிறது, பதிலுக்கு உரிய மார்க் விழவில்லை என்று அவரும் சொன்னால் பணம் கட்டலாம். 15 மார்க் குறையும்போது கட்டுவது வீண். இதற்கான கெடு சில நாட்கள்தான், ரிசல்ட் வந்த அன்றே தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீவேல்யூவேஷன் முடிவுக்குக் காத்திருந்து அரியர் கட்டணத் தேதியை விட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே கட்டிவிடுவது பாதுகாப்பு.

பேரன் இங்கிலாந்தில் எம்.எஸ்.சி. படிக்கிறான். இங்கே எப்போதும் 90-க்குக் குறையமாட்டான். அங்கே முதல் அசைன்மெண்டில் 64 என்கிறான். ‘நல்ல மார்க்தான் ஆயா’ என்று வேறு சொல்கிறான். உண்மைதானா?
– வாசகி, தேவகோட்டை

உண்மைதான் ஆச்சி, பேரன் சமாளிக்கவில்லை. அங்கே முதுகலையில் 50 பாஸ், 60 ‘மெரிட்’, 70 ‘டிஸ்டிங்ஷன்’. 80-க்கு மேல் அபூர்வம். 64 நல்ல மார்க்.

அங்கே கிரெடிட்டும் வேறு கணக்கு. ஒரு வருட எம்.எஸ்.சி. 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குச் சொந்தப் படிப்பும் சேர்த்துப் பத்து மணி நேர உழைப்பு. கடைசியில் எழுதும் ஆய்வேடான ‘டிஸர்டேஷன்’ மட்டும் பெரும்பாலும் 60 கிரெடிட், அதாவது 600 மணி நேரம். அதைக் கடைசி மாதத்துக்கு ஒத்திப்போட்டால் ஆபத்து. ஒரு பாடத்தை அங்கே ‘மாட்யூல்’ என்பார்கள். ஃபெயிலாகித் திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் வழக்கமாக 50-க்கு மேல் தரமாட்டார்கள். அதற்கு ‘கேப்’ என்று பெயர். கெடு தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். உடம்பு சரியில்லாமல் போனால் கெடு முடிந்தபின் மின்னஞ்சல் அனுப்பிக் கெஞ்சுவதில் பயனில்லை. சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்கத் தனிப் படிவம் இருக்கிறது. அவனுடைய மாட்யூல் கையேட்டில் எழுதியிருக்கும்.

இப்போது வந்த 64 தற்காலிகம்தான். இன்னொரு ஆசிரியர் சில தாள்களை எடுத்து ஒத்துப்பார்த்து, தேர்வு வாரியம் கூடி ஒப்புக்கொண்ட பிறகே இறுதியாகும். ‘சிமிலாரிட்டி 18 சதவீதம்’, அதாவது எழுதியதில் அவ்வளவு வேறு எழுத்துகளோடு ஒத்துப்போகிறது என்று வந்திருப்பதாகப் பேரன் பயந்தால் ஆறுதல் சொல்லுங்கள். மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேரும். எந்த வரி எங்கிருந்து என்று குறிப்பிட்டிருந்தால் அது களவல்ல. குறிப்பிடாமல் எடுத்தது 5 சதவீதமே என்றாலும் சிக்கல்தான்.

கல்லூரியில் ‘ஏபிசி ஐடி’ கேட்கிறார்கள். பதிவு செய்யப் போனால் பெயர் பொருந்தவில்லை என்கிறது.
– மாணவர், கண்டனூர்

அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், நீங்கள் சேர்த்த கிரெடிட்டுகளைப் பதிவுசெய்து வைக்கும் மத்திய அரசின் கணக்கு. 2021-ல் வந்தது. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க எண் கிடைக்கும். இடையில் கல்லூரி மாறினாலோ படிப்பை நிறுத்திப் பிறகு தொடர்ந்தாலோ, பொதுவாக ஏழு ஆண்டு வரை அந்தக் கிரெடிட்டுகள் செல்லும்.

பெயர்ச் சிக்கலுக்குக் காரணம் நம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து முன்னால் இருக்கும். கல்லூரிப் பதிவில் இரண்டு இனிஷியல், ஊர் எழுத்தும் சேர்த்து. பட்டச் சான்றிதழ் வரை செல்லப்போவது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர். அதனால் அதை மாற்ற முயலாமல் ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதார் மையத்துக்குப் போகும்முன் எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள் என்பதால் எழுத்து, புள்ளி, இடைவெளி வரை சரிபார்த்து ஒரே முறையில் முடித்துவிடுங்கள். பிறகு டிஜிலாக்கரில் புதுப்பித்துவிட்டு ஏபிசி பதிவைத் தொடங்கலாம்.